மலைமேல் இரட்டை ஏரியல்

2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், சமுத்திரத்துக்கு வெகுதூரத்தில் உள்ள பழனி மலைத் தொடரையும் விட்டுவைக்கவில்லை. கொடைக்கானல் பாதைகளில் மரங்கள் சாய்ந்தன, மின்சாரம் துண்டிக்கப்பட்டது. மின்சாரம் போனபின் செல்பேசிக் கோபுரத்தின் பாட்டரி சில மணி நேரமே தாங்கும் என்பது யாவரும் அறிந்ததே. அதற்கு மேல், சுற்றியுள்ள மலைக் கிராமங்களான பூம்பாறையிலோ மன்னவனூரிலோ ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டால், அந்தச் செய்தி கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு எவ்வாறு வந்து சேரும்? இரட்டை ஏரியலோடு கூடிய சிற்றலை நிலையம் ஒன்றைக் கொடைக்கானலில் நிறுவி, நிரந்தரமாகப் பேண வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

போலீஸாரும் வனத்துறையினரும் கையில் வைத்திருக்கும் வயர்லெஸ்ஸின் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவையாகையால், முகடு ஒன்று குறுக்கிட்டால் அப்பால் கேட்பதில்லை. அலையை வாங்கி மறுபடி அனுப்ப முகட்டின்மேல் வைத்த ரிப்பீட்டரோ புயலின் முதல் அடியை வாங்குவது. கொடைக்கானலின் கோடைப் பண்பலை வானொலி சமவெளி மாவட்டங்கள் பலவற்றை எட்டுகிறது என்றாலும், அதைக் கேட்பவர் பதில் பேச முடியாது. சிற்றலையின் சுபாவம் வேறு. ஏறக்குறைய 3 முதல் 7 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலையைத் தலைக்கு நேர் மேலே அனுப்பினால், அது சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, முகட்டுக்கு இப்பால் அப்பால் என்ற பேதமின்றி எல்லாப் பள்ளத்தாக்குகளிலும் மழைபோல் இறங்குகிறது.

இலங்கை வானொலியைச் சிற்றலையில் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இதன் குறையும் தெரியும். பாட்டு கணீரென்று வந்துகொண்டிருக்கும்போதே குரல் மெல்லத் தேய்ந்து, கரகரத்து, இரைச்சலில் மறைந்து, அடுத்த அடியில் தானாகவே திரும்பி வரும். அதற்குள் வீட்டில் யாரேனும் ஒருவர் எழுந்து ஸ்டேஷன் முள்ளை வீணாகத் திருகியிருப்பார். பழுது பெட்டியில் இல்லை. ஒரே அலை வெவ்வேறு மார்க்கங்களில் வந்து சேர்ந்து, ஒரு சமயம் ஒன்றையொன்று வலுப்படுத்தியும் மறு சமயம் அழித்தும் விடுவதே காரணம். பாட்டில் ஓரடி போனால் பாதகமில்லை. தேவைப்படும் ரத்தம் 'ஓ நெகட்டிவ்' என்பதில் ஒரு சொல் போகலாகாது.

இதற்குப் பரிகாரம் 1920களின் பிற்பகுதியிலேயே கிடைத்துவிட்டது. அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தைச் சேர்ந்த பெவரேஜும் பீட்டர்சனும், நியூயார்க் மாநிலத்து ரிவர்ஹெட் நிலையத்தில், ஓரிடத்தில் அலை மங்கும் அதே கணத்தில் சற்றுத் தொலைவில் அது ஓங்கி நிற்கக் கண்டு, தள்ளித் தள்ளி நட்ட மூன்று ஏரியல்களின் வரவையும் ஒன்றாக இணைத்தார்கள். ஓர் ஏரியலில் பத்தில் ஒரு பங்கு நேரம் செய்தி மறைவதாக வைத்துக்கொண்டால், அதனோடு தொடர்பின்றி மங்கும் மற்றோர் ஏரியலையும் சேர்க்கும்போது, இரண்டிலும் ஏககாலத்தில் மறைவது நூற்றில் ஒரு பங்கு நேரமே. நாம் சட்டைப் பையில் வைத்திருக்கும் 4ஜி செல்பேசிக்குள்ளும் ஒன்றுக்கு மேற்பட்ட ஆன்டெனாக்கள் இருப்பது இதே தத்துவத்தால்தான்.

மேடும் பள்ளமுமான மலையூரில் அவ்வளவு தூரம் தள்ளித் தள்ளிக் கம்பம் நட இடமேது என்று கேட்பார்கள். இங்கேதான் கொடைக்கானலுக்கு இயற்கை விசேஷமான ஓர் அனுகூலத்தைச் செய்திருக்கிறது. அது பூமியின் காந்த மத்தியரேகைக்கு வெகு அருகில் இருப்பதால், காந்தக் கோடுகள் இங்கே ஏறக்குறைய தரைக்குக் கிடையாக, வடக்குத் தெற்காக ஓடுகின்றன. அதன் பயனாக, மேலே சென்று திரும்பும் அலை இரண்டாகப் பிரிந்து, ஒன்று பெரும்பாலும் வடக்குத் தெற்காகவும் மற்றொன்று கிழக்கு மேற்காகவும் அதிர்ந்துகொண்டு இறங்குகிறது. காந்த மத்தியரேகையிலிருந்து வெகுதூரத்தில் உள்ள இடங்களில் இவ்விரண்டும் சுழன்று வருவதால், அவற்றைப் பிரிக்க இரண்டு கம்பிகளின் வரவையும் தக்கபடி இணைக்கும் சாதனம் வேண்டும். இங்கோ ஒரே கம்பத்தின் உச்சியிலிருந்து குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய இரண்டு சாதாரணக் கம்பிகளே அவற்றைத் தனித்தனியே வாங்கி, தள்ளி நட்ட இரண்டு ஏரியல்களின் பயனைத் தந்துவிடும். புயல் நேரத்தில் கிராமத்து இளைஞர் மரம் இருக்கும் திசையில்தான் கம்பியைக் கட்டுவார். அவர் எத்திசையில் கட்டினாலும் கொடைக்கானலின் இரு கம்பிகளில் ஒன்றேனும் அவர் அனுப்பும் அலையைப் பிடித்துக்கொள்ளும்.

கொடைக்கானலுக்கு இன்னோர் அனுகூலமும் உண்டு: 1899இல் இங்கே நிறுவப்பட்டு, சூரியனைக் கவனித்துவரும் வானாய்வுக் கூடம், சிற்றலைத் துடிப்புகளை மேலே அனுப்பி அயனி மண்டலத்தின் உயரத்தைப் பல பத்தாண்டுகள் அளந்தும் வந்தது. எந்த நேரத்துக்கு எந்த அலைவரிசை உகந்தது என்பதற்கு அந்த அளவுகளைக் குறித்த ஏடுகளைக் காட்டிலும் நல்ல வழிகாட்டி வேறில்லை.

சாட்டிலைட் போன் இருக்க இது எதற்கு என்பாரும் உண்டு. அது வேண்டியதே, ஆயினும் அது விலையுயர்ந்தது, ஊருக்கு ஒன்று கிடைப்பதே அரிது. சிற்றலைப் பெட்டி கார் பாட்டரியில் இயங்கும். பழுதானால் திண்டுக்கல்லிலேயே சீர்செய்யக் கூடியவர் உண்டு. மாவட்ட நிர்வாகம் இடம் தர வேண்டும்; மத்திய அரசின் லைசென்ஸ் பெற்ற ஹாம் ரேடியோ அன்பர்களைக் கொண்டு, பூம்பாறை, மன்னவனூர், வெள்ளகவி, தாண்டிக்குடி ஆகிய ஊர்களில் இருவர் இருவராக லைசென்ஸ் பரீட்சைக்குத் தயார் செய்ய வேண்டும்; அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்கு முன், செப்டம்பரிலேயே பகலில் ஒரு முறையும் நள்ளிரவில் ஒரு முறையும் ஒத்திகை பார்த்துவிட வேண்டும்.