நிறம் தரவு அன்று

மொழியியல் களப்பணி அட்டவணைகளில் ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டது. உறுதிப்படாத சொல்லுக்கு மஞ்சள், கடன்சொல்லுக்கு நீலம், மீண்டும் கேட்க வேண்டியதற்குச் சிவப்பு. கோப்பைத் திறந்தால் மார்கழி வாசலின் வண்ணக் கோலம்போல் இருக்கிறது. அவ்வண்ணங்களின் பொருளோ எங்கும் எழுதப்படுவதில்லை. வண்ணமிட்டவரின் நினைவில் மட்டுமே இருக்கிறது. அவர் வேறு பணிக்குச் சென்றபின் கோலம் எஞ்சுகிறது, பொருள் எஞ்சுவதில்லை.

இதை அற்பக் குறை என்போர் அக்கோப்பை ஒருமுறை சிஎஸ்வி வடிவில் சேமித்துப் பார்க்கட்டும். அவ்வடிவம் எழுத்தை மட்டுமே சுமக்கும். மஞ்சள் மறைந்ததும் ஐயத்திற்குரிய சொல்லும் உறுதியான சொல்லும் ஒன்றாகிவிடுகின்றன. ஐயம் இருந்த இடத்தில் பொய்யான உறுதி வந்து அமர்கிறது. ஒப்பீட்டு ஆய்வுகள் அதன்மேல் எழுப்பப்படுகின்றன.

இணையத்தில் ஏற்றும்போது சிக்கல் இன்னும் பெருகுகிறது. நிரையின் நிறம் வட்டார வழக்கைக் குறிக்க வேண்டும், நிரலின் நிறம் சரிபார்ப்பைக் குறிக்க வேண்டும் என்று திட்டப் பொறுப்பாளர்கள் கேட்கிறார்கள். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் எது தெரியும்? எச்டிஎம்எல் அட்டவணையின் பின்னணிகளை அடுக்கடுக்காக வரையச் சொல்கிறது சிஎஸ்எஸ் விதி: நிரல் கீழே, நிரை அதன் மேலே, தனிக்கட்டம் எல்லாவற்றுக்கும் மேலே. ஆகவே நிரையின் நிறம் நிரலின் நிறத்தை மூடிவிடும். சரிபார்ப்புக் குறிப்பு கண்ணில் படாது. வரிசை எண்ணை வைத்து நிறமிட்டிருந்தாலோ கேடு இன்னும் பெரிது. அகரவரிசைப்படுத்தியதும் சொற்கள் இடம்பெயரும். நிறம் பழைய இடத்திலேயே நிற்கும். ஐயத்திற்குரிய சொல் தப்பிக்கும். குற்றமற்ற சொல் பழி சுமக்கும்.

சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதோர் ஆய்வுலகிலும் உண்டு. நிறத்தை மட்டுமே நம்பிப் பொருளுணர்த்தலாகாது என்பது இணைய அணுகல் வழிகாட்டுதலின் 1.4.1ஆம் விதி; அதுவும் அடிப்படை நிலையிலேயே வைக்கப்பட்ட விதி.

நிறம் விரைவில் கண்ணில் படுகிறதே என்பர். மெய்தான், நிறத்தை எவரும் விலக்கச் சொல்லவில்லை. 'உறுதிநிலை' என்று தனி நிரல் அமைத்து, 'உறுதி', 'ஐயம்' என எழுத்தில் பதியட்டும். அம்மதிப்பைப் படித்து நிறமிடும் விதியைப் பின்னர் எழுதட்டும். அப்போது வரிசை மாறினாலும் நிறம் சொல்லைத் தொடரும். நிறம் அழிந்தாலும் குறிப்பு அழியாது. மொழியியலுக்கு இது புதிதும் அன்று. இலக்கணத்திற்கு ஒவ்வாத தொடரின் முன் உடுக்குறியும் ஐயத்திற்குரிய தொடரின் முன் வினாக்குறியும் இடுவது அத்துறையின் நெடுநாள் வழக்கம். அக்குறிகள் கறுப்பு வெள்ளை நகலிலும் பிழைத்திருக்கின்றன.

2010 ஜனவரியில் அந்தமானில் போவா சீனியர் மறைந்தார். போ மொழியைப் பேசிய கடைசி மனிதர் அவர். அத்தகைய மொழியின் ஒரு சொல் உறுதியானதுதானா என்று மீண்டும் சென்று கேட்க இனி எவருமில்லை. பதிவில் எழுதப்பட்டது மட்டுமே சான்று. அருகிவரும் மொழிகள் பலவும் இந்நிலையை நெருங்குகின்ற நாட்டில், ஐயத்தை ஒரு மஞ்சள் பூச்சிடம் ஒப்படைப்பது பொறுப்பின்மை.

வண்ண அட்டவணையை ஏற்கும்முன் நெறியாளர்கள் ஒரு கேள்வி கேட்கட்டும்: நிறங்கள் அனைத்தையும் நீக்கினால் இதில் என்ன குறையும்? எதுவும் குறையாது என்ற விடை வரும்வரை அந்த அட்டவணை முடிந்த பணியாகாது.