விசாரணைக்கும் மூடிமறைப்புக்கும் இடையில்

மேசை விளக்கொன்றினால் இரண்டு மனிதர்கள் நான்காண்டு காலம் முகம் பாராது வாழ்ந்ததை நான் கண்டிருக்கிறேன்.

1993 ஆம் ஆண்டு. தென்பகுதிப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆண்கள் விடுதி. நாங்கள் மூவர் ஓர் அறையில் தங்கியிருந்தோம். ஒருவர் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் வள்ளத்தில் கடந்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். மற்றவர் மலையகத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். முன்னவர் நள்ளிரவு கடந்தும் விளக்கை எரியவிட்டுப் படிப்பார். பின்னவர் ஒன்பது மணிக்கெல்லாம் உறங்கிவிடுவார். முதலில் முணுமுணுப்பாக இருந்தது வாக்குவாதமாயிற்று. ஓர் இரவு மலையக நண்பர் எழுந்து விளக்கின் வயரைப் பிடுங்கி எறிந்தார். யாழ்ப்பாணத்து நண்பரின் வாயிலிருந்து 'தோட்டக்காட்டான்' என்ற சொல் வந்தது. அடுத்த கணம் அவரது கன்னத்தில் அறை விழுந்தது.

விவகாரம் ஒழுக்காற்று விசாரணைக்குச் சென்றது. சாட்சி சொல்ல என்னையும் அழைத்தார்கள். "முதலில் கை நீட்டியவர் யார்?" என்று கேட்டார்கள். உண்மையைச் சொன்னேன். கை நீட்டியவருக்கு இரண்டு வாரம் வகுப்புத் தடை விதிக்கப்பட்டது. கோப்பு மூடப்பட்டது. அந்தச் சொல்லைப் பற்றி எவரும் கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் எனக்குத் துணிவிருக்கவில்லை.

பல வருடங்களுக்குப் பின்னர், இருவருடனும் வெவ்வேறு சந்தர்ப்பங்களில் பேசியபோதுதான் அந்த விளக்கின் கதை எனக்கு முழுமையாகத் தெரியவந்தது. 1990 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றுபோனதன் பின்னர், ஜாம் போத்தல் விளக்கின் மங்கிய ஒளியில் மண்ணெண்ணெயைத் துளித்துளியாக எண்ணி உயர்தரத்திற்குப் படித்தவர் ஒருவர். ஆளியை அழுத்தினால் எரியும் விளக்கு அவருக்குப் பெருஞ்செல்வமாக இருந்தது. மற்றவரோ விடியுமுன்னர் எழுந்து நகருக்குப் போய், பாடசாலைப் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக்கொடுத்து, அந்தப் பணத்தில் ஒரு பகுதியை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அவருக்கு அந்தச் சில மணிநேர உறக்கமே முதல். இருவரும் இதனை அறையில் சொன்னதில்லை. விசாரணை மேசையிலும் எவரும் கேட்டதில்லை. கீழ்த்தளத்தில் விடுதியின் வாசிப்பறை இரவு முழுவதும் வெறுமையாகவே கிடந்தது!

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் மாணவர்களிடையே எழும் பிணக்குகளைக் கையாள்வதற்கு நடைமுறையில் இரண்டு வழிகளே இருந்து வந்துள்ளன. ஒன்று ஒழுக்காற்று விசாரணை. மற்றது "சரி சரி, சமாதானமாகப் போங்கோ" என்று தோளில் தட்டி அனுப்பிவைப்பது. முதலாவது குற்றவாளியைத் தேடுகிறது. இரண்டாவது எதனையும் தேடுவதில்லை. இவ்விரண்டிற்கும் இடையில் மூன்றாவது வழியொன்று உண்டு என்பதே என் வாதம். அதன் பெயர் மத்தியஸ்தம்.

இது மேனாட்டிலிருந்து இறக்குமதி செய்யவேண்டிய சரக்கு அல்ல. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட மத்தியஸ்த சபைகள் நம் நாட்டில் 1990 முதல் இயங்கி வருகின்றன. மக்கள் வழக்கில் இன்னமும் அவற்றை இணக்கசபை என்பாரும் உளர். வார இறுதி நாட்களில் ஏதாவதொரு பாடசாலை மண்டபத்தில், வாங்குகளை இழுத்துப் போட்டுக்கொண்டு அவை கூடும். பத்திரிகைப் பணியின் நிமித்தம் அவ்வாறான அமர்வுகளில் பலமுறை ஓரமாக அமர்ந்திருந்திருக்கிறேன். பிணக்கிற்குரிய இருதரப்பினரும் தத்தமக்கு நம்பிக்கையான ஒவ்வொரு மத்தியஸ்தரைத் தெரிவு செய்வர். அவ்விருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தெரிவர். இவர்கள் தீர்ப்பு வழங்குவதில்லை. தீர்வைச் சொல்ல வேண்டியவர்கள் பிணக்குற்றவர்களே. இணக்கம் காணப்படாவிட்டால் அதற்கான சான்றிதழைக் கொடுத்து, நீதிமன்றத்தின் வாயிலைத் திறந்துவிடுவார்கள்.

எல்லை வேலிச் சண்டையொன்று இவ்வாறு தீர்ந்ததைப் பார்த்தேன். ஏறத்தாழ ஒரு மணிநேரம் வேலியைப் பற்றியே பேசினார்கள். பின்னர் மத்தியஸ்தர்களுள் ஒருவரான ஓய்வுபெற்ற ஆசிரியை, "வேலியை விடுங்கோ. எப்ப தொடக்கம் கதைக்காமல் இருக்கிறியள்?" என்று கேட்டார். மரண வீடொன்றுக்குச் சொல்லாமல் விட்ட கதை அப்போது வெளியில் வந்தது. வேலி அதற்குப் பின்னர் அதிக நேரம் எடுக்கவில்லை.

அமெரிக்க அறிஞர் மேரி பார்க்கர் ஃபொலெட் 1920களில் முரண்பாடு பற்றி ஆற்றிய உரையொன்றில், ஹாவார்ட் பல்கலைக்கழக நூலகத்தில் தமக்கு நேர்ந்த சிறு சம்பவத்தைக் குறிப்பிடுகிறார். சிறிய அறையொன்றில் ஒருவர் யன்னலைத் திறக்க விரும்பினார். ஃபொலெட்டோ மூடிவைக்க விரும்பினார். இறுதியில், எவரும் அமர்ந்திராத அடுத்த அறையின் யன்னலைத் திறந்தார்கள். பாதியளவு திறந்து வைத்திருந்தால் அது விட்டுக்கொடுப்பு. இருவருக்கும் பாதித் திருப்தியே கிடைத்திருக்கும். ஃபொலெட்டுக்கு வேண்டியிருந்தது அறை அடைபட்டிருப்பதல்ல. வடகாற்று நேரே தம்மீது வீசாதிருப்பதே. மற்றவருக்கு வேண்டியது காற்று. கோரிக்கைக்குப் பின்னால் இருக்கும் தேவையைக் கண்டுபிடித்தால் இருவருக்கும் இடம் கிடைக்கிறது. எங்களுடைய வாசிப்பறையும் அத்தகையதோர் அடுத்த அறைதான். அதன் கதவைக் காட்டுவதற்குத்தான் ஆளில்லை.

இவ்விடத்தில் வாசகர்களுள் சிலர் சந்தேகம் கொள்வர். அந்தச் சந்தேகம் நியாயமானது. பகிடிவதைக்கு உள்ளான பிள்ளை முறைப்பாடு செய்யும்போது, "அவங்கட எதிர்காலம் பாழாகிவிடும், பேசித் தீர்ப்போம்" என்று சொல்லி வாபஸ் வாங்க வைப்பதும் சமரசம் என்ற பெயரில்தானே நடக்கிறது என்பார்கள். ஆம், நடக்கிறது. ஆயின் அது மத்தியஸ்தம் அன்று. மத்தியஸ்தம் என்பது எழுந்து போகும் சுதந்திரம் உள்ள இருவருக்கிடையில் மாத்திரமே நிகழக்கூடியது. சிரேஷ்ட மாணவர் பத்துப் பேருக்கு முன்னால் தனியாக நிற்கும் கனிஷ்ட மாணவனுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. தனக்குப் புள்ளியிடும் விரிவுரையாளருக்கு எதிராக முறையிடும் மாணவிக்கும் இல்லை.

1997 இல் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியற்பீட மாணவர் வரப்பிரகாஷ் பகிடிவதையின் விளைவாக உயிரிழந்தார். அவ்வாறான மரணங்களின் பின்னணியிலேயே கல்வி நிறுவனங்களில் பகிடிவதையையும் ஏனைய வன்முறைகளையும் தடைசெய்யும் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதைக்கு இரண்டு வருடங்கள் வரையிலும், அது பாலியல் துன்புறுத்தலாகவோ பாரிய காயமாகவோ அமைந்தால் பத்து வருடங்கள் வரையிலும் சிறைத்தண்டனை விதிக்க அச்சட்டம் இடமளிக்கிறது. அத்தகைய செயல்கள் பிணக்குகள் அல்ல, குற்றங்கள். குற்றத்தை மத்தியஸ்த மேசைக்குக் கொண்டுவருபவர் குற்றவாளிக்கே உதவி செய்கிறார். ஆகவே, மத்தியஸ்தம் வேண்டும் என்று எழுதும்போதே அதன் எல்லைக்கோட்டையும் எழுதியாக வேண்டும்.

தனிமனிதப் பிணக்கு எங்கு முடிகிறது, சமூகப் பிணக்கு எங்கு தொடங்குகிறது என்பதை நம் நாட்டில் எளிதில் சொல்லிவிட முடியாது. 2016 ஜூலையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் புதுமுக மாணவர் வரவேற்பின்போது, கண்டிய நடனத்தைச் சேர்ப்பது தொடர்பாகத் தமிழ், சிங்கள மாணவர்களிடையே எழுந்த முறுகல் கைகலப்பாகிப் பலர் காயமடைந்தனர். வகுப்புகள் இடைநிறுத்தப்பட்டன. சிங்கள மாணவர்கள் பஸ்களில் ஊர் திரும்பினர். நாடெங்கும் அறிக்கைகள் பறந்தன. வரவேற்பு ஊர்வலம் எவ்வாறு அமைய வேண்டும் என்பதை இருசாராரும் நம்பும் மூன்றாம் ஆள் ஒருவரின் முன்னிலையில், நிகழ்ச்சிக்கு முன்னரே, ஒரு மாலைப்பொழுது அமர்ந்து பேசியிருக்கலாம். பேசியிருந்தால் நிச்சயம் தவிர்ந்திருக்கும் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆயின் காயப்பட்ட பின்னர் பேசுவதை விட அது எளிதாக இருந்திருக்கும்.

செய்யவேண்டியது பெரிய காரியமன்று. விரிவுரையாளர், கல்விசாரா ஊழியர், மாணவர் ஆகிய மூன்று தரப்பிலிருந்தும் சிலரைத் தெரிந்து பயிற்சியளிக்கலாம். அவர்களுள் இரு மொழியும் அறிந்தவர்கள் கட்டாயம் இருக்கவேண்டும். தண்டிக்கும் அதிகாரமுள்ள எவரும் மத்தியஸ்தராக இருத்தலாகாது. தண்டனை தரக்கூடியவரிடம் எவனும் மனந்திறந்து பேசமாட்டான். அங்கு பேசப்படுவது ஒழுக்காற்றுக் கோப்புக்குள் போகக் கூடாது. வன்முறை, பாலியல் துன்புறுத்தல், பகிடிவதை ஆகியவை வந்தால் அன்றைக்கே உரிய இடத்திற்கு அனுப்பப்பட வேண்டும். அறைச் சண்டை, கடன் சண்டை, காதல் முறிவின் பின்னான கசப்பு, குழுவேலையில் ஏமாற்றிய கோபம், வாய்தவறி விழுந்த சாதிச்சொல், ஊர்ச்சொல் இவையெல்லாம் அந்த மேசைக்கு உரியவை. வாய்தவறி விழுந்த சொல் என்று எழுதினாலும், அது எங்கிருந்து தவறியது என்பதையும் அங்கே பேசத்தான் வேண்டும்.

புலம்பெயர்ந்து வாழும் பழைய மாணவர்கள் தாம் படித்த இடங்களுக்குக் கட்டடங்களும் கணினிகளும் கொடுக்கிறார்கள். நன்று. அடுத்த முறை பணம் சேர்க்கும்போது, பத்துப் பேருக்கு மத்தியஸ்தப் பயிற்சி அளிப்பதற்கும் ஒரு சிறு தொகையை ஒதுக்கலாமே என்று யாராவது எழுந்து கேட்கவேண்டும் என்பது என் விண்ணப்பம்.

என் அறை நண்பர்கள் இருவரும் இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். ஒருவர் ரொறன்ரோவில் இருக்கிறார். மற்றவர் மலையகத்தில் பாடசாலை அதிபர். இருவரும் என்னோடு தொலைபேசியில் பேசுவார்கள். ஒருவரைப் பற்றி மற்றவர் சுகம் விசாரிப்பார்கள். "நீயே எடுத்துப் பேசேன்" என்றால் இருவருமே பேச்சை மாற்றிவிடுகிறார்கள். அன்று விசாரணையில் நான் சொல்லாமல் விட்ட அந்த ஒரு சொல்லுக்காக அதிபரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அது உமக்கும் கேட்டதா?" என்றார் அவர். முப்பது வருடங்களாக, தான் ஒருவனே அதைக் கேட்டதாக அவர் நினைத்திருந்தார்.