எழுதுகோல் எடுக்கட்டும் அவர்களும்!

உடலுக்குக் காய்ச்சல் வந்தால் ஊரே நலம் விசாரிக்கிறது. உள்ளத்துக்கு நோய் வந்தாலோ வாசற்கதவு சாத்தப்படுகிறது! "பைத்தியம்" என்று ஒரு சொல். அதன்பின் அவன் பேசுவதெல்லாம் பிதற்றல் என்று தீர்ப்பு! வாயிருந்தும் பேச்சுரிமை இழந்த இவர்களுக்காகப் பேசாமல், வேறு யாருக்காகப் பேசப்போகிறோம் நாம்?

நாடு மறந்திருக்கலாம், நாம் மறக்கவில்லை ஏர்வாடியை! 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. கொட்டகையில் தீ. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். நோயைப் பேயென்று நம்பியதற்குக் கொடுத்த விலை அது!

2017-ல் மனநலச் சட்டம் வந்தது. சங்கிலி கூடாது என்கிறது; சமூகத்தில் மற்றவர்களோடு வாழும் உரிமை உண்டு என்கிறது. நல்ல சட்டம், வரவேற்கிறோம். காலில் இட்ட விலங்கைச் சட்டம் அறுக்கும். நாவில் இட்ட பூட்டைத் திறப்பது யார்?

அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து யூட்டிக்கா மனநோய் விடுதியிலிருந்து 1851-ல் "ஓபல்" என்ற இதழ் வெளிவந்தது. எழுதியவர்கள் அங்கிருந்த நோயாளிகளே! லண்டனில் 1991-ல், மனநோயின் கொடுமையைத் தாமே பட்டறிந்த கவிஞர்கள் சிலர் கூடி "சர்வைவர்ஸ் பொயட்ரி" என்ற அமைப்பைக் கண்டனர். தம்போன்றோரை எழுதப் பழக்கினர், மேடையேற்றினர், நூல்களும் வெளியிட்டனர்.

எழுதினால் நோய் தீருமா என்று ஏளனம் பேசுவோர் உண்டு. மருந்தை விட்டுவிட்டு எழுது என்று நாம் சொல்லவில்லை. மருந்து நோயைத் தணிக்கும். ஆனால், "நானும் மனிதன், என் சொல்லுக்கும் செவி உண்டு" என்ற நம்பிக்கையை எந்த மாத்திரை தரும்? அதைத் தருவது நாலு பேர் கூடிக் கேட்கும் இடம்தான்.

இது யாருக்கோ வந்த நோய் என்று எண்ணாதீர், தோழர்களே! இரவுப்பணியில் உறக்கம் தொலைத்தவர், கடன்காரன் குரலுக்கு நடுங்குபவர், வேலை போனபின் வீட்டாரைப் பார்க்கக் கூசுபவர் – நம்மிடையே இல்லையா?

நம் இயக்கம் வளர்ந்த இடம் படிப்பகம். ஒருவர் நாளேட்டை உரக்கப் படிக்க, எழுத்தறியாத பத்துப் பேர் கேட்டுத் தெளிந்த இடம். அங்கே வாரம் ஒரு மாலை, ஒரு மேசை, சில தாள்கள் இவர்களுக்கென்று ஒதுக்குவோம். எழுதத் தெரியாதவர் சொல்லட்டும். தோழர் ஒருவர் சொன்னபடியே எழுதட்டும். எழுதியது எழுதியவருக்கே சொந்தம். அவர் இசைந்தாலன்றி எவரும் படிக்கலாகாது. உயிரை மாய்க்கும் எண்ணம் எழுத்தில் தென்பட்டால், அன்றே கைப்பிடித்து அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோம்.

ஆளவந்தாரிடமும் கேட்போம். 1948-ல் நூலகச் சட்டம் கண்ட மாநிலம் இது. சொத்துவரியோடு நூலக வரியும் செலுத்துகிறார்கள் மக்கள். பொது நூலகங்களிலும் இப்படி ஒரு மேசை போடுக. மாவட்ட மனநலத் திட்டத்திலிருந்து ஓர் ஆலோசகரை அனுப்புக! இது பிச்சையன்று, உரிமை!

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. படிப்பகத்தின் சாவி நம் கையில்தான் இருக்கிறது. திறப்போம்!