நம் குறுக்குப் பாதைக்கும் ஒரு பலகை வேண்டும்

பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.

போன தவணை முடிகிற நேரம், ஒரு சனிக்கிழமை, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நாங்கள் மூன்று ஆசிரியர்கள் கொட்டகலையிலிருந்து நோர்வூட் பக்கமாக நடந்தோம். பெக்கோ பாதை என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்களே, அதன் ஒரு துண்டு அது. புவியியல் பாடத்தில் சரிவு, நீரேந்துப் பகுதி, மண்ணரிப்பு என்று கரும்பலகையில் எழுதி எழுதிக் கை வலித்ததுதான் மிச்சம். ஒரு நாள் காலால் படிக்கட்டும் என்று நினைத்தோம்.

வழியில் முதுகில் பெரிய பையோடு இரண்டு வெள்ளைக்காரர்கள் எதிரே வந்தார்கள். சிரித்து, கைகாட்டி, போனார்கள். அப்போது ஒரு பிள்ளை கேட்டாள்: "டீச்சர், இது எங்கம்மா கொழுந்து நிறுக்கப் போற பாதை. இதுல நடக்கவா பிளேன் ஏறி வாராங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்விக்கு அங்கே நின்று எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. அதற்காகத்தான் இந்தப் பதிவு.

தெரியாதவர்களுக்காக: பெக்கோ பாதை 300 கிலோமீற்றருக்கும் மேல் நீளமானது. 22 பகுதிகள். கண்டி ஹந்தானையில் தொடங்கி, கலஹா, லூல்கந்துர, பூண்டுலோயா, வட்டகொடை, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை என்று நம் ஊர்களைத் தொட்டு, ஊவா பக்கம் சுற்றி, நுவரெலியாவில் முடிகிறது. ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க உதவி நிறுவனமும் பணம் கொடுத்தன. பெரும்பகுதி புதிதாக வெட்டியது அல்ல. தோட்டம் போட்ட காலத்தில் குதிரைக்கும் வண்டிக்கும் ஆளுக்குமாக வெட்டிய பழைய பாதைகள்தான். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்ட லூல்கந்துரவும் அதன் வழியில்தான் வருகிறது.

நாங்கள் இதற்கு எதிர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நடக்க வருகிறவர் வேனில் வருகிறவரைப் போல இல்லை. அவர் ரொட்டிக் கடையில் நிற்பார், தேத்தண்ணி குடிப்பார், இரவு தங்க ஒரு அறை தேடுவார். நம் பொடியன்கள் கொழும்புக் கடைகளுக்குப் போகாமல் இங்கேயே வழிகாட்டியாக நின்று உழைக்கலாம். நல்ல விசயம்.

எங்கள் கவலை வேறு. அன்று நடந்த பாதையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இன்னொரு பாதை கீழே இறங்குகிறது. லயத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வரும் குறுக்குப் பாதை. அதற்குப் பலகை இல்லை. ஓடைக்கு மேலே இரண்டு மரக்குற்றிகள்தான் பாலம். மழை பெய்தால் அதுவும் தண்ணீருக்குள். வரவுப் பதிவேட்டைத் திறந்தால் எங்களுக்கு வானிலை அறிக்கையே தேவையில்லை. எந்த நாளில் அடை மழை என்று வராத பிள்ளைகளின் பெயர்களே சொல்லும். விடிய முன்னமே புறப்படும் பிள்ளைகள் சிறுத்தைக்குப் பயந்து கூட்டமாக வருகிறார்கள். குளவி கலைந்தால் ஓட இடமில்லை. மண்சரிவு என்றால் என்ன என்று மலையகத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தையை நாம் யாரும் மறக்கவில்லை.

ஆக, ஒரே மலையில் இரண்டு பாதைகள். விரும்பி நடப்பவருக்கு வரைபடம் இருக்கிறது. நடந்தே ஆக வேண்டியவருக்கு மரக்குற்றி இருக்கிறது.

"தலைமுறை தலைமுறையாக நடந்து களைத்த சனத்துக்கு நடைபயணம் ஒரு கேடா?" என்று ஒரு சக ஆசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி. இந்த மலைக்கு நம் ஆட்கள் வந்ததே நடந்துதான். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் விழுந்தவர்கள் எத்தனை பேர் என்று கணக்கே இல்லை. 200 வருட நினைவாக 2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் புறப்பட்டு ஓகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்த நடைபயணத்தில் நம் ஊர்க்காரர்களும் நடந்தார்கள். அவர்கள் பொழுதுபோக்குக்காக நடக்கவில்லை. "இந்த வழி எங்களுடையது" என்று சொல்வதற்காக நடந்தார்கள். நடப்பதற்கு அப்படியும் ஓர் அர்த்தம் உண்டு.

எங்கள் முஸ்லிம் குடும்பங்களுக்கும் இந்தப் பாதைகளில் பங்கு உண்டு. இன்று ஹட்டன் பஸாரில் கடை வைத்திருக்கும் பலருடைய மூத்தவர்கள் தலையில் துணி மூட்டையோடு லயம் லயமாக ஏறி இறங்கிய பொட்டணி வியாபாரிகள். சம்பள நாள் பார்த்து வருவார்கள். கடன் கொப்பியில் பெயர் இருக்கும், கையெழுத்து இருக்காது, வாய்ச் சொல்தான். பெருநாளைக்கு லயத்துக்கு வட்டிலப்பம் போனதும், தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் நம் வீட்டுக்கு வந்ததும் அந்தக் குறுக்குப் பாதை வழியாகத்தான். அதற்கும் முன்னால், 1344இல் இப்னு பதூதா பாவா ஆதம் மலைக்கு ஏறினார். மலைக்கு இரண்டு வழிகள், ஒன்று பாபா வழி, மற்றது மாமா வழி என்று எழுதி வைத்துப் போனார். சிவனொளிபாதம், ஸ்ரீபாத என்று வேறு வேறு பெயர் சொல்லி நாம் எல்லோரும் ஒரே படியில்தானே ஏறுகிறோம்.

சரி, இந்தப் பாதைகளுக்கு யார் பொறுப்பு? தோட்டத்தில் கேட்டால் "சபையில் கேளுங்கள்" என்பார்கள். சபையில் கேட்டால் "அது தோட்டக் காணி" என்பார்கள். இந்தப் பந்து நம் வாப்பாமார் காலத்திலிருந்தே உருளுகிறது. அதற்கு ஒரு காரணமும் இருந்தது. 1987ஆம் ஆண்டு 15ஆம் இலக்க பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளில் சபை தன் பணத்தைச் செலவிடத் தடையாக இருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டுவிட்டது. அதே காலத்தில் நுவரெலியா, அம்பகமுவ என்று இருந்த இரண்டு பெரிய சபைகள் ஆறாகப் பிரிந்து, கொட்டகலைக்கும் நோர்வூட்டுக்கும் மஸ்கெலியாவுக்கும் அக்கரப்பத்தனைக்கும் தனித்தனிச் சபைகள் வந்தன. இனி "சட்டம் இடம் தராது" என்ற பதிலை நாம் ஏற்கத் தேவையில்லை.

இன்னொன்றும் யோசியுங்கள். இந்தத் தோட்டங்களைப் போட்டவர்கள் பிரித்தானியர்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டம் என்ன தெரியுமா? ஒருவருடைய வயலுக்கு நடுவால், மேய்ச்சல் நிலத்துக்கு நடுவால், காட்டுக்கு நடுவால் ஊர் நடைபாதை போனால், காணி அவருடையதாக இருந்தாலும் நடக்கும் உரிமை ஊருக்கு. 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளூராட்சி மன்றங்கள் அந்தப் பாதைகளை வரைபடத்தில் குறித்து வைக்கின்றன. குறித்த பாதையை உழவோ வேலியோ போட்டு மறித்துவிட்டு விவசாயி சும்மா இருக்க முடியாது. அதுவும் சும்மா கிடைத்ததில்லை. 1932இல் கிண்டர் ஸ்கௌட் மலையில் அத்துமீறி நடந்த சம்பவத்தைத் தொடர்ந்து ஐந்து இளைஞர்கள் சிறைக்குப் போனார்கள். தங்கள் ஊரில் சனத்துக்குக் கொடுத்த உரிமையை, இங்கே பாதை வெட்டிய சனத்துக்கு அவர்கள் கொடுக்கவில்லை. அவர்கள் போய் எத்தனை வருடம்? இனி அது நம் வேலை.

நாங்கள் கேட்பது மூன்றே மூன்று.

ஒன்று, ஒவ்வொரு தோட்டத்திலும் பிள்ளைகளும் நோயாளிகளும் கர்ப்பிணித் தாய்மாரும் நடக்கும் பாதைகளை சபை ஒரு வரைபடத்தில் குறிக்க வேண்டும். காபட் வீதி கேட்கவில்லை. ஓடைக்கு ஒரு சின்னக் கொங்கிறீட் பாலம், சரிவுக்குப் படி, பிடித்து நடக்க ஒரு கம்பி. குறிக்காத பாதைக்கு ஒருபோதும் பணம் ஒதுக்கப்படாது.

இரண்டு, நடைபயணிகளால் வரும் வருமானத்தில் அந்தந்தத் தோட்டத்துச் சனத்துக்குப் பங்கு வேண்டும். கொழுந்து பறிக்கும் அக்காவைப் படம் எடுக்கிறவர் முதலில் அவரிடம் கேட்கட்டும். வழிகாட்டிப் பயிற்சிக்கு லயத்துப் பிள்ளைகளை எடுக்கட்டும்.

மூன்று, இது நமக்கு. நாமும் நடப்போம். பெயர்களை எழுதி வைப்போம். தோட்டத்துக்குக் கம்பெனி ஒரு பெயர் வைத்தது. நம் சனங்கள் வேறொரு பெயர் வைத்தார்கள். ஒவ்வொரு வளைவுக்கும் பாறைக்கும் பீலிக்கும் பெயர் உண்டு. பென்சன் எடுத்த கங்காணிமாரும் பாட்டிமாரும் போய்விட்டால் அந்தப் பெயர்களும் போய்விடும். பாடசாலைப் பிள்ளைகள் ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு கேட்டு எழுதினாலே போதும். நாங்கள் தொடங்கிவிட்டோம். ஒரே நாளில் ஒரு பிரிவில் மட்டும் கொப்பியில் இரண்டு பக்கம் நிறைந்தது.

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று நமக்குச் சின்ன வயதிலேயே சொல்லித் தந்தார்கள். முள்ளையும் கல்லையும் நாம் எடுத்துப் போடலாம். பாலத்தைச் சபைதான் போட வேண்டும். அதைக் கேட்பதும் அதே கிளையில்தான் சேரும்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது எங்களிடம் பதில் இருக்கிறது. ஆமாம் மகள், உங்கம்மா நடக்கும் பாதையைப் பார்க்கத்தான் பிளேன் ஏறி வருகிறார்கள். அவ்வளவு பெறுமதியான பாதையில், மழை நாளிலும் நீ கால் நனையாமல் பள்ளிக்கூடம் வர வேண்டும்.

உங்கள் தோட்டத்துக் குறுக்குப் பாதையின் பெயரையும், எந்த இடத்தில் பாலம் தேவை என்பதையும் கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து, பெற்றோர் கையெழுத்தோடு சபைக்குக் கொண்டுபோகிறோம், இன்ஷா அல்லாஹ்.