எரிந்த ஊரும் அவசரக் காதலும்

பன்டசி எண்டால் சின்னப் பிள்ளைகளின் மந்திரக் கதைதானே எண்டு கேட்கிற ஆக்களுக்கு ஒரு புத்தகத்தைக் கையில குடுக்கலாம். டோமி அடெயெமி எழுதி 2018இல் வெளிவந்த 'சில்ட்ரன் ஒஃப் பிளட் அன்ட் போன்'. இப்பதான் முதல் தடவையாக வாசிச்சு முடிச்சேன்.

ஒரிஷா என்ற நாட்டில் மந்திரசக்தி உள்ளவர்களை அரசன் சரன் கொன்றொழிக்கிறான். ஸெலியின் அம்மாவும் அதில் கொல்லப்படுகிறார். மிஞ்சிய பிள்ளைகளை அவர்களின் வெள்ளை முடியே காட்டிக்கொடுக்கிறது. அவர்கள் மேல் வரிக்கு மேல் வரி. இழந்த மந்திரத்தைத் திரும்பக் கொண்டுவர ஸெலி புறப்படுகிறாள். அவள் ஓதுவது யொருபா மொழியில். கறுப்பின மக்களைப் பொலிஸ் சுட்டுக்கொன்ற செய்திகள் தந்த வேதனையில் இதை எழுதியதாக ஆசிரியரே பின்குறிப்பில் சொல்கிறார். பிறகு எப்படி வெறும் கற்பனை எண்டு தள்ளுறது?

ஆனால் என்னைப் பிடிச்சு வச்சது ஸெலி இல்லை, இளவரசன் இனான். மந்திரத்தை வெறுக்கவே வளர்க்கப்பட்டவனுக்குள் மந்திரம் விழிக்குது. தன்னையே வெறுக்கிறவன் மற்றவர்களுக்கு என்ன செய்வான் என்பதை அவன் சொல்லும் அத்தியாயங்களிலேயே பார்க்கிறோம்.

எனக்குச் சரிவராத இடம் காதல். இனானின் படை தேடி வந்ததால்தான் ஸெலியின் ஊர் இலோரின் எரிஞ்சது. கொஞ்சப் பக்கங்கள் தாண்ட அவனிலேயே அவளுக்கு விருப்பம்! எதிரியை நேசிக்கக் கூடாது எண்டு நான் சொல்லேல்லை. மன்னிக்கக் காலம் எடுக்கும். ஊர் எரிஞ்ச பிள்ளைகளுக்கு அது தெரியும். அந்தக் காலத்தைக் கதை அவளுக்குக் குடுக்கேல்லை.

எண்டாலும் வாசியுங்கோ. அந்தக் காதலோட சண்டை பிடிச்சுக்கொண்டே வாசியுங்கோ.