டிக்கன்ஸ் மன்னிக்காத அம்மா

சார்லஸ் டிக்கன்ஸின் அப்பாவை உலகத்துக்கே பிடிக்கும். 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' நாவலில் வரும் மிக்காபர் அவரை வைத்து எழுதிய பாத்திரம்தான். ஊரெல்லாம் கடன் வாங்குவார், கடன்காரர் கதவைத் தட்டினால் அழுவார், அடுத்த அரை மணி நேரத்தில் பாட்டுப் பாடிக்கொண்டு வெளியே போவார். படிக்கிறவர்களுக்கு அவர் மேல் கோபமே வராது. சிரிப்புதான் வரும்.

அம்மா எலிசபெத் டிக்கன்ஸுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 12 வயதுப் பையனை ஷூ பாலிஷ் தொழிற்சாலைக்குத் திரும்பிப் போகச் சொன்ன அம்மா, அவ்வளவுதான். 150 வருடமாக அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்த ஒரு சம்பவத்தை வைத்தே தீர்ப்பு எழுதுகிறார்கள்.

இது நியாயமா? மகன் எழுதியதை மட்டும் படித்தால் நியாயம் என்றுதான் தோன்றும். அந்த வீட்டின் வரவு செலவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

எலிசபெத் பாரோ பிறந்தது 1789-இல். அப்பா சார்லஸ் பாரோ லண்டனில் கடற்படைச் சம்பள அலுவலகத்தில் பெரிய அதிகாரி. அதே அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த ஜான் டிக்கன்ஸை எலிசபெத் 1809 ஜூனில் மணந்தார். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை, 1810-இல் அப்பாவின் குட்டு உடைந்தது. பல வருடங்களாகப் பொய்க்கணக்கு எழுதி அரசாங்கப் பணத்தைக் கையாடியிருக்கிறார். தொகை 5,600 பவுண்டுக்கு மேல்! வழக்குக்குப் பயந்து லண்டனை விட்டு ஓடிய மனிதர், கடைசியில் மான் தீவில் வாழ்ந்து 1826-இல் அங்கேயே இறந்தார்.

இருபது வயதுப் பெண்ணுக்கு இது எப்படி இருந்திருக்கும்? பிறந்த வீடு பண விஷயத்தில் கெட்டுப்போனது. புகுந்த வீடாவது நன்றாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. கணவருக்குத் திருட்டுப் புத்தி கிடையாது, நல்ல மனிதர், உழைப்பாளி. ஆனால் கையில் காசு நிற்காது. 1819-இல் அவர் வாங்கிய 200 பவுண்டு கடனுக்கு எலிசபெத்தின் அண்ணன் தம்பிகளில் ஒருவரான தாமஸ் பாரோ ஜாமீன் போட்டார். ஜான் கட்டவில்லை. கட்டியது தாமஸ். மனைவி வீட்டாரோடு உறவு கசந்ததுதான் மிச்சம்.

எட்டுப் பிள்ளைகள் பிறந்தார்கள். இரண்டு பேர் சிறு வயதிலேயே இறந்துவிட்டார்கள். இத்தனைக்கும் நடுவில் மூத்த மகனுக்கு எழுத்துக் கற்றுக் கொடுத்தவர் எலிசபெத்தான். கொஞ்சம் லத்தீனும் சொல்லிக் கொடுத்தார். டிக்கன்ஸ் என்ற எழுத்தாளரின் முதல் டீச்சர் அவர்! இந்த விவரம் ஏனோ அதிகம் பேசப்படுவதில்லை.

1823 கடைசியில் கடன் கழுத்தை நெரித்தபோது எலிசபெத் ஒரு காரியம் செய்தார். லண்டன் கவர் தெருவில் பெரிய வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்து, பெண்பிள்ளைகளுக்கான பள்ளி என்று கதவில் பித்தளைப் பலகை மாட்டினார். சின்னப் பையன் சார்லஸ் வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்தான். ஒரு மாணவிகூட வரவில்லை. கடன்காரர்கள் மட்டும் தவறாமல் வந்தார்கள். முதலே இல்லாமல் ஆரம்பித்த தொழில், தோற்றது. ஆனால் அந்த வீட்டில் புதிதாக ஒரு வருமானத்துக்கு வழி தேடியவர் யார் என்று பாருங்கள். இதே பித்தளைப் பலகையைப் பிறகு மிக்காபர் வீட்டுக் கதவில் மாட்டி டிக்கன்ஸ் ஊரைச் சிரிக்க வைத்தார்.

இப்போது கணக்குக்கு வருவோம். அன்றைக்கு ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு கினிக்கு 21 ஷில்லிங்.

1824 பிப்ரவரி 20 அன்று ஜான் டிக்கன்ஸ் கைதானார். ரொட்டிக் கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டியிருந்த 40 பவுண்டுக்காக மார்ஷல்சீ கடனாளிச் சிறையில் அடைத்தார்கள். அதற்குச் சில நாள் முன்புதான் சார்லஸ் வாரன்ஸ் ஷூ பாலிஷ் தொழிற்சாலையில் சேர்ந்திருந்தான். உறவுக்காரர் ஒருவர் பார்த்துக் கொடுத்த வேலை. அனுப்பியது அம்மா மட்டும் இல்லை, அப்பாவும் சேர்ந்துதான். வாரத்துக்கு 6 ஷில்லிங் என்றால் வருடத்துக்கு 312 ஷில்லிங், அதாவது 15 பவுண்டு 12 ஷில்லிங்.

அதே சமயம் மூத்த மகள் ஃபேனி ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். கட்டணம் வருடத்துக்கு 38 கினி. கணக்குப் போட்டால் 39 பவுண்டு 18 ஷில்லிங். அப்பா சிறைக்குப் போன கடனும் மகளின் ஒரு வருடக் கட்டணமும் கிட்டத்தட்ட ஒரே தொகை! தம்பி டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டினான், அக்கா பியானோ படித்தாள். சார்லஸின் மனசு எவ்வளவு எரிந்திருக்கும் என்று புரிகிறது. அந்த வலி பொய்யில்லை. அதைக் குறைத்துப் பேசவே கூடாது. ஆனால் அந்த வலிக்கான பில்லை அம்மா பெயரில் மட்டும் எழுதியதுதான் சரியில்லை.

எலிசபெத் சாமான்களை ஒவ்வொன்றாக அடகு வைத்து சில வாரம் ஓட்டினார். பிறகு சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கணவரோடு சிறைக்கே குடிபோனார். ஜானின் அம்மா இறந்து 450 பவுண்டு விட்டுப் போயிருந்தார். ஆனாலும் திவால் சட்டப்படி மே 28-இல்தான் ஜான் வெளியே வந்தார்.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். அப்பா வெளியே வந்த உடனே சார்லஸின் வேலை நிற்கவில்லை. அவன் தொடர்ந்து தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தான். ஒருநாள் வேலை கொடுத்த உறவுக்காரருக்கும் ஜானுக்கும் கடிதத்தில் சண்டை வந்தது, அதனால் வேலை போனது. மறுநாள் எலிசபெத் நேரில் போய்ச் சமாதானம் பேசி, பையனைத் திரும்ப அனுப்பலாம் என்ற பதிலோடு வந்தார். ஜான் மறுத்து, பள்ளிக்கூடம்தான் என்று சொல்லிவிட்டார். இந்த ஒரு நாளை டிக்கன்ஸ் சாகும்வரை மறக்கவில்லை. அப்பா காப்பாற்றினார், அம்மா தள்ளிவிட்டார் என்பதே அவர் மனதில் நின்ற படம்.

எலிசபெத் செய்தது கடுமையானதுதான். பையனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் அவர் நிலைமை என்ன? கடனுக்காகச் சிறைக்குப் போய் வந்த கணவர். வாரா வாரம் நிச்சயமாக வரும் 6 ஷில்லிங். சண்டை போட்டுக்கொண்டால் அடுத்த முறை உதவ ஆள் இல்லாமல் போகும் ஒரு உறவு. அன்றைய இங்கிலாந்துச் சட்டப்படி கல்யாணமான பெண் சம்பாதித்தாலும் அந்தப் பணம் கணவருடையது. அது மாறத் தொடங்கியதே 1870-இல். கடன் வாங்குவதைத் தடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. விளைவைச் சமாளிக்கிற பொறுப்பு மட்டும் இருந்தது.

அப்பாவின் பெருந்தன்மை எத்தனை நாள் தாங்கியது என்பதையும் பார்க்க வேண்டும். 1827-இல் மறுபடியும் பணமில்லை, குடும்பம் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டது. 15 வயதில் சார்லஸின் படிப்பு நின்றது. அப்போது வக்கீல் அலுவலகத்தில் அவனுக்குக் குமாஸ்தா வேலை பேசி வாங்கியவர் யார்? அம்மாதான். பிறகு பாராளுமன்ற நிருபராக அவருக்கு இடம் கொடுத்தவர் ஜான் ஹென்றி பாரோ. அம்மாவோடு பிறந்த மாமா. பத்திரிகையும் எழுத்தும் டிக்கன்ஸுக்குத் தாய் வீட்டு வழியாக வந்த சீர்.

இதற்கெல்லாம் அம்மாவுக்குக் கிடைத்த பரிசு, 1838-39-இல் வந்த நாவலில் ஓயாமல் உளறும் திருமதி நிக்கிள்பி பாத்திரம். இப்படி ஒரு பெண் நிஜத்தில் இருப்பாளா என்று தன்னிடமே கேட்டதாக டிக்கன்ஸ் வேடிக்கையாக எழுதியிருக்கிறார். பணத்தில் அவர் குறை வைக்கவில்லை. கடைசிவரை அம்மாவின் செலவைப் பார்த்துக்கொண்டார். மன்னிப்பை மட்டும் கொடுக்கவில்லை.

எலிசபெத் 1863 செப்டம்பரில் நினைவு தடுமாறிய நிலையில் இறந்தார். தொழிற்சாலைக் கதை அதற்குச் சில வருடங்கள் கழித்து, நண்பர் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் வெளியே வந்தது. தன் மேல் இப்படி ஒரு குற்றச்சாட்டு எழுதப்பட்டதோ, அது உலகம் முழுக்கப் படிக்கப்படப் போவதோ அவருக்குத் தெரியாது. அவர் தரப்பில் ஒரு வரிகூட இல்லை.

கடன் வாங்குகிறவர் ஜாலியான மனிதர், காசு எண்ணுகிறவர் கல்நெஞ்சுக்காரர் என்று பேர் வாங்குவது பல வீடுகளில் நடப்பதுதான். எலிசபெத் விஷயத்தில் மகன் பெரிய எழுத்தாளராகிவிட்டதால் அந்தப் பேர் அச்சிலேயே ஏறிவிட்டது. இனி மிக்காபரைப் படித்துச் சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கட்டும். அந்த வீட்டில் அடகுக் கடைக்குப் போகும் சாமான்களை எடுத்து வைத்த பெண்ணைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும்போது மட்டும், ஜான் டிக்கன்ஸ் பெயரில் இருந்த பற்றையும் ஒருமுறை கூட்டிப் பார்த்துவிடட்டும்.