ஜவ்வு கிழிந்தால் கோப்பை தைக்குமா?

தை பிறந்தால் போதும், நன்னிலம் வட்டாரத்தில் ஊருக்கு ஊர் கபடிப் போட்டிதான். டியூப்லைட் கட்டிய மைதானம், மைக்செட், ஆளுயரக் கோப்பை, பொன்னாடை போர்த்திக்கொள்ள மேடையில் ஒரு டஜன் பிரமுகர்கள் என்று எல்லாம் இருக்கும். விழுந்தவனின் முட்டியைத் தொட்டுப் பார்க்கத் தெரிந்த ஒரே ஒரு ஆள் மட்டும் இருக்க மாட்டார். ஸ்பிரே அடிப்பார்கள், தண்ணீர் ஊற்றுவார்கள், "ஒண்ணும் இல்லடா, எந்திரி" என்பார்கள். அவனும் நொண்டிக்கொண்டே அடுத்த ரெய்டுக்குப் போவான். அதற்குக் கைதட்டல் வேறு!

என்ன நடந்திருக்கும் அந்த முட்டிக்குள்? ஊன்றிய காலை வைத்துச் சட்டென்று திரும்பும்போது, அல்லது அந்தக் காலை எதிரணி பிடித்து இழுக்கும்போது, மூட்டுக்குள் குறுக்காக ஓடும் ஜவ்வு கிழிகிறது. பல பேருக்கு 'டப்'பென்று ஒரு சத்தமே கேட்கும். சில மணி நேரத்தில் முட்டி வீங்கிவிடும். எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது. "எலும்பு நல்லாத்தான் இருக்கு" என்று மாத்திரையோடு அனுப்பிவிடுவார்கள். அடுத்து எண்ணெய்க்கட்டு. முழுதாக அறுந்த முன்குறுக்கு ஜவ்வு பெரும்பாலும் தானாக ஒட்டுவதில்லை. எந்த மூலிகை எண்ணெயும் மூட்டுக்குள் இறங்கி அதைத் தைக்கப் போவதுமில்லை. இரண்டு மாதத்தில் வீக்கம் வடியும், பையன் மறுபடி களத்தில் இறங்குவான், முட்டி மறுபடி நழுவும். இந்த முறை மூட்டுக்கு மெத்தை போல இருக்கும் பிறை வடிவக் குருத்தெலும்பும் சேர்ந்து கிழியும். பிறகு கபடி மட்டுமா போகிறது? சேற்றில் கால் வைக்கவும் வரப்பில் மூட்டை தூக்கவும் அதே முட்டிதானே வேண்டும்!

தோளும் இப்படித்தான். இருபது வயதுக்குள் ஒருமுறை கழன்ற தோள் மறுபடி மறுபடி கழலவே வாய்ப்பு அதிகம். கிண்ணத்தின் முன்விளிம்பு பிய்ந்துபோவதுதான் காரணம் என்று லண்டன் மருத்துவர் பாங்கார்ட் 1923-லேயே எழுதிவிட்டார். மூட்டைத் திறக்காமல் துளை வழியாகக் கருவி விட்டுக் குருத்தெலும்பைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சையை டோக்கியோவில் வதனபே 1962-லேயே செய்து காட்டினார். ஆக, இது நேற்று வந்த வித்தை அல்ல. நன்னிலம் வரைக்கும் வந்து சேரவில்லை, அவ்வளவே.

இரண்டு முட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 டிசம்பர் 30-ந் தேதி கார் விபத்தில் சிக்கினார் கிரிக்கெட் வீரர் ரிஷப் பந்த். டேராடூனிலிருந்து விமானத்தில் மும்பைக்குக் கொண்டுபோனார்கள். விளையாட்டுக் காயங்களுக்குப் பேர்போன மருத்துவர் தின்ஷா பர்திவாலா முட்டி ஜவ்வைச் சரிசெய்தார். 2024 ஐபிஎல்லில் பந்த் மறுபடி கீப்பிங் செய்தார். நல்லது, சந்தோஷம். அந்த விபத்துக்கு ஆறு வாரம் முன்புதான், அதே போன்ற ஜவ்வுப் பிரச்சனைக்காகச் சென்னை பெரியார் நகர் அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 17 வயது கால்பந்து வீராங்கனை பிரியா, முதலில் காலை இழந்து, பிறகு நவம்பர் 15-ந் தேதி உயிரையே இழந்தார். அறுவைக்குப்பின் போட்ட கட்டு இறுகி ரத்த ஓட்டத்தை அடைத்துவிட்டது என்று சுகாதார அமைச்சரே சொன்னார். இரண்டு மருத்துவர்கள் பணியிடை நீக்கம், குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய். விஷயம் முடிந்தது.

"இதனால்தான் அரசு மருத்துவமனைக்கே போகக் கூடாது" என்று அப்போது பேசியவர்கள் உண்டு. வசதி உள்ளவர்களின் பேச்சு அது. போகாமல் எங்கே போவது? பிரியாவின் சாவு சொல்வது வேறு. கருவியும் அறுவை அரங்கும் இருந்தால் மட்டும் போதாது. அறுவைக்குப் பிறகு கால்விரல் சூடாக இருக்கிறதா, அசைகிறதா என்று மணிக்கு மணி பார்க்கிற ஆள் வேண்டும். அதற்கப்புறம் ஒன்பது மாதமாவது முறையான பயிற்சி வேண்டும். அந்த ஒன்பது மாதமும் கூலிக்குப் போகாத வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? காப்பீட்டு அட்டை கூலி தராது.

இதே திருவாரூர் மாவட்டத்து வடுவூர்க்காரர் அபினேஷ் 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம் வென்ற அணியில் இருந்தார். அரசு 25 லட்சம் ரூபாய் கொடுத்தது. கொடுக்க வேண்டியதுதான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஜெயித்த காலுக்கு 25 லட்சம் என்றால், ஜெயிக்கும் முன்னமே கிழிந்துபோன கால்களுக்கு என்ன? அந்தக் கால்களைக் கணக்கெடுக்கக்கூட ஒரு நோட்டுப் புத்தகம் கிடையாது.

நன்னிலத்துக்கு ஒரு பர்திவாலா வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு கையால் தொடையையும் கெண்டைக்காலையும் பிடித்து அசைத்துப் பார்த்தே ஜவ்வு அறுந்திருக்கிறதா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். மிஷின் வேண்டாம், அரை நிமிடம் போதும். திருவாரூரில் 2010-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கிருந்து வாரத்தில் ஒரு நாள் எலும்பு மருத்துவர் ஒருவர் தாலுகா ஆஸ்பத்திரிக்கு வந்து உட்கார என்ன தடை? போட்டி நடத்துகிறவர்களும் தப்பிக்க முடியாது. நுழைவுக் கட்டணம் வாங்கத் தெரிகிறது, கோப்பையில் எம்.எல்.ஏ. பேர் பொறிக்கத் தெரிகிறது. பொன்னாடைக்கு ஆகிற காசில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டை ஒரு ராத்திரி மைதானத்தில் உட்கார வைக்கலாம். மேடைக்குக் கீழே ஒரு நாற்காலி கூடுதலாகப் போட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.